சிவகாசி டிடிபி கடையிலிருந்து மென்பொருள் வேலைக்கு: கேள்வி பதில்

1993இல் சிவகாசியில் டிடிபி (அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலை) ஆபரேட்டராகச் சேர்ந்தவள் நான். இன்று சென்னையில் தமிழ் உரைகளைக் கையாளும் மென்பொருள் எழுதுகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, கம்ப்யூட்டரை முதலில் எப்போது தொட்டீர்கள்?

1992, பிளஸ் டூ முடித்த கோடை. நான் டைப்பிங் படித்த இன்ஸ்டிடியூட்டின் மாடியிலேயே கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். செருப்பை வாசலில் விட்டு, காலைத் துடைத்துவிட்டுத்தான் ஏசி அறைக்குள் போகலாம். ஒரு மெஷினுக்கு மூன்று பேர். ஒருத்தி தட்டினால் மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ் டைப்பிங் லோயர் பாஸ் செய்திருந்ததால், "சார், இதில் தமிழ் வருமா?" என்று கேட்டேன். சாருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி போகவே இல்லை.

கேள்வி: டிடிபி வேலை எப்படி இருந்தது மேடம்?

கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நோட்டீஸ். 386 மெஷின், 4 எம்பி ராம், பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் மென்பொருள். டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து ஆப்செட் பிரஸ்ஸுக்குக் கொடுப்போம். முகூர்த்த மாதங்களில் வீட்டுக்குப் போக இரவு பதினொன்று ஆகிவிடும். ஆடியில் பத்திரிகை வேலை வராது. நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஆடியில்தான்.

கேள்வி: அப்பா 1998இல் டைப் செய்த கட்டுரைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது. போனது போனதுதானா?

போகவில்லை தம்பி. கோப்பு முழுசாக இருக்கிறது, அந்த எழுத்துரு மட்டும்தான் உங்களிடம் இல்லை. அன்றைய எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பாமினி டைப்ரைட்டர் வரிசையைத் தழுவியது, அதை யூனிகோடாக (எல்லா மொழி எழுத்துகளுக்குமான இன்றைய பொதுக் குறியீடு) மாற்றித் தரும் புரோகிராம்கள், அதாவது மாற்றிகள், நிறைய உண்டு. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டதில்தான் சிக்கல்.

எனக்கே இது நடந்தது. 1996இல் எங்கள் ஆச்சி பாடிய ஒப்பாரிகளைக் கடையில் ஓய்ந்த நேரத்தில் அடித்து, பிளாப்பியில் வைத்திருந்தேன். ஆச்சி 1999இல் போய்விட்டார். 2003இல் பிளாப்பியைத் திறந்தால் ஒரு வரிகூடப் புரியவில்லை. கடையை மூடிவிட்டார்கள், அந்த எழுத்துரு எங்கும் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி அழுதேன்.

பீரோவில் ஒரே ஒரு பக்கத்தின் லேசர் பிரிண்ட் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் உள்ள குறியையும் தாளில் உள்ள எழுத்தையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பட்டியல் போட்டேன். தாளில் 'ஞ்' வரவேயில்லை. மற்ற பக்கங்களில் 'ம…சள்' என்று நடுவில் ஒரு புரியாத குறி வந்த இடத்தில்தான் அது பிடிபட்டது. பிறகு விசுவல் பேசிக் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, அந்தப் பட்டியலை வைத்து ஒரு மாற்றியை எழுதினேன். நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் அதுதான்.

அப்பா அடித்ததில் ஒரு பக்கமாவது தாளில் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் தேடுங்கள். கோப்பின் நகல் எடுத்துவிட்டு, நகலில் மட்டும் கை வையுங்கள்.

கேள்வி: மாற்றிய பிறகு 'வெளியீடு' என்பது 'வௌியீடு' என்று வருகிறதே, ஏன்?

பழைய எழுத்துருக்களில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில்தான் பதிவாகும். ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே குறி. மாற்றி அதைப் பார்த்து 'வௌ' என்று நினைத்துக்கொள்கிறது. 'ள'வுக்குப் பின்னால் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ வந்தால் அது கண்டிப்பாக ளகரம் என்று ஒரு விதி எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'கௌரி', 'பௌர்ணமி' போன்றவற்றுக்குச் சொற்பட்டியல் வேண்டும். அதிலும் தப்பியது எங்கள் ஊர்ப் பேச்சுதான். ஆச்சி 'வெளக்கு' என்றுதான் பாடுவார். புரோகிராம் அத்தனையையும் 'வௌக்கு' ஆக்கிவிட்டது. வட்டார வழக்கில் எழுதியதை மனிதக் கண் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: தமிழ்99 கற்கலாமா?

கற்றுக்கொள்ளுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தரப்படுத்திய விசைப்பலகை அது. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு தட்டு போதும், புள்ளி தானாக விழும். டைப்ரைட்டர் பழகிய என் கை மாற மூன்று வாரம் ஆனது.

கேள்வி: பொறியியல் பட்டம் இல்லாமல் வேலை எப்படிக் கிடைத்தது?

அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்திருந்தேன். 2006இல் போன நேர்காணலில், வாடிக்கையாளர் பட்டியலில் 'கோபால்' என்று தேடினால் பாதிப் பேர் வரவில்லை என்று அவர்களுடைய சிக்கலையே என் முன் வைத்தார்கள். யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துடன் ஓகாரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடும் புரோகிராமுக்கு வேறு வேறு. கொம்பும் காலும் பல வருஷம் தனித்தனியாக அடித்த கை என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேடச் சொன்னேன். அடுத்த வாரம் வேலைக்கான ஆர்டர் வந்தது.

கேள்வி: நானும் பி.ஏ. தமிழ்தான், வயது 26. எங்கிருந்து தொடங்குவது?

பைத்தான் என்ற நிரல்மொழியிலிருந்து. பாடத்தை வரிசையாக முடிக்கும் வரை காத்திருக்காமல், உங்களிடம் உள்ள பிழையான தமிழ்க் கோப்பு ஒன்றை எடுத்து அதைச் சரிசெய்யப் பாருங்கள். புணர்ச்சியும் வேற்றுமையும் தெரிந்தவர்கள் தமிழ்த் தேடல், பிழைதிருத்தி வேலைகளுக்கு நிச்சயம் தேவை. ஆனால் ஆங்கில ஆவணங்களைப் படிக்கப் பழகாமல் இந்த வேலை நடக்காது, அதற்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: அந்த ஒப்பாரிகள் இப்போது எங்கே?

யூனிகோடில் இருக்கின்றன, மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறேன். முழுசும் மீண்டதும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, "ஆச்சி இப்படிப் பாட மாட்டா" என்று திருத்தினார். நான் அன்று காதில் வாங்கியதையும் அம்மா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.