மெயின்டனன்ஸ் வேலையை விட்டுவிட்டு ஐ.எஸ்.ஓ. 55001 படிக்கலாமா?

வணக்கம் அம்மா. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடமாக ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கும் மகன், வேலையை விட்டுவிட்டு அசெட் மேனேஜ்மென்ட் படிக்கப் போவதாகச் சொல்கிறார், இது நிஜமான துறைதானா என்று கேட்டிருந்தீர்கள். துறை நிஜம்தான்; மெஷின் போன்ற சொத்துகளை வாங்குவது முதல் கழிப்பது வரை மொத்தமாகத் திட்டமிட்டு நிர்வகிப்பதுதான் அது. வேலையை விடுவதுதான் வேண்டாம்.

ஐ.எஸ்.ஓ. 55001 என்பது இந்தத் துறைக்கான சர்வதேசத் தரநிலை. அதன் சான்றிதழ் நிறுவனத்துக்குத் தரப்படுவது, தனி ஆளுக்கு இல்லை. பயிற்சி மையத்தில் கிடைப்பது வகுப்புக்கு வந்ததற்கோ ஆடிட்டர் தேர்வில் தேறியதற்கோ உள்ள சான்று. விளம்பரத்தில் இது தெளிவாக இருக்காது. தனி ஆளுக்கென்றால் பிரிட்டனின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அசெட் மேனேஜ்மென்ட் நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன. அப்புறம், 2014-இல் வந்த இந்தத் தரநிலை 2024-இல் திருத்தப்பட்டது. எந்தப் பதிப்பை நடத்துகிறார்கள் என்று கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்.

சரி, இதில் அப்படி என்ன வேலை? இரவு பகலாக ஓடும் ஒரு பம்பை எடுத்துக்கொள்வோம். பர்ச்சேஸில் குறைந்த விலைக்கு வாங்கிப் பாராட்டு பெறுகிறார்கள். அது குடிக்கும் மின்சாரத்தின் பில் வேறு கணக்கில் போகிறது. ஆயுள் முழுக்கப் பார்த்தால் அந்த பில் பம்பின் விலையைப் போலப் பல மடங்கு வரும். சீல் கசிந்தால் நள்ளிரவில் ஓடுவது உங்கள் மகன். ஸ்டோர்ஸில் ஸ்பேர் இருக்காது, உற்பத்தி நின்ற நஷ்டம் இன்னொருவர் ரிப்போர்ட்டில் ஏறும். அவரவர் கணக்கு சரிதான். மொத்தக் கணக்கைப் பார்க்க ஆள் இல்லை. அதைப் பார்த்து, எதைப் பழுது பார்ப்பது, எதை மாற்றுவது, எதைப் பழுதாகும் வரை ஓடவிடுவது என்று செலவையும் ஆபத்தையும் எடைபோட்டு முடிவெடுக்க நிறுவனத்துக்கு ஒரு முறை வேண்டும். அந்த முடிவு பலித்ததா என்று ஆடிட்டிலும் நிர்வாகக் கூட்டத்திலும் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். 55001 கேட்பது இதைத்தான். ஆலையில் தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 இருந்தால் பாதி அமைப்பு அவருக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கும்.

மின்வாரியம், ரயில்வே, குடிநீர், எண்ணெய் சுத்திகரிப்பு என்று சொத்து அதிகமுள்ள இடங்களில்தான் இந்த வேலைக்கு மதிப்பு. அங்கே இன்டர்வியூவில் சான்றிதழை விட அனுபவத்தைத்தான் துருவுவார்கள்.

அதனால் இப்போதைக்கு அவர் அடிக்கடி ரிப்பேர் பார்க்கும் ஒரே ஒரு மெஷினை எடுக்கட்டும். பழைய வொர்க் ஆர்டர்களை வைத்து ஸ்பேர், ஆள்கூலி, மின்சாரம், நின்ற நேரம் எல்லாவற்றையும் ஒரே எக்செல்லில் போட்டு, மாற்றுவதா வைத்துக்கொள்வதா என்று மேனேஜரிடம் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். அந்த வேலை அவருக்குப் பிடித்தால் வார இறுதி வகுப்பில் சேரலாம். சலிப்புத் தட்டினால் கோர்ஸ் பணம் மிச்சம்.