‘சே’, ‘டெல்’ இரண்டுக்கும் ‘சொல்’ என்றே அர்த்தம் இருந்தால், எதை எங்கே போடுவது?

ஆங்கிலம்–தமிழ் அகராதியில் சே, டெல் என்ற வினைகள் இரண்டுக்கும் ‘சொல்’ என்றுதான் இருக்கிறது. சீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் ‘பார்’. அப்புறம் எப்படித்தான் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருமொழி அகராதி பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. அர்த்தத்தைக் கொடுக்கும், அந்த வினைக்கு அடுத்து எது வந்து உட்காரும் என்பதைக் கொடுக்காது. தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபும் ‘என்று’ என்ற சொல்லும் பார்த்துக்கொள்கின்றன. ‘அவனிடம் சொன்னேன்’, ‘உண்மையைச் சொன்னேன்’, ‘வரமாட்டேன் என்று சொன்னேன்’ எல்லாவற்றுக்கும் வினை ஒன்றுதான். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அப்படி உருபு ஒட்டுவதில்லை. அடுத்த நாற்காலி யாருக்கு என்பதை ஒவ்வொரு வினையும் தானே வைத்திருக்கிறது.

டெல்லுக்கு அடுத்த நாற்காலி ஆளுக்கு: ‘ஷி டோல்ட் மீ’. சேவுக்கு அடுத்த நாற்காலி சேதிக்கு: ‘ஷி செட் ஷி வாஸ் டயர்ட்’. சேவோடு ஆளையும் கொண்டுவர வேண்டுமானால் நடுவில் ‘டு’ வேண்டும். ஆகவே ‘ஷி செட் மீ’ தவறு. ‘ஷி டோல்ட் டு மீ’யும் தவறு. ‘ஷி டோல்ட் தட் ஷி வாஸ் டயர்ட்’ என்பதும் தவறு. இந்த மூன்றாவதுதான் அதிகம் கண்ணில் படுவது. ஆள் இல்லாத டெல் என்பதால் அது நொண்டுகிறது. விலக்கு கொஞ்சம் உண்டு, எண்ணிவிடலாம்: உண்மை, பொய், கதை, ஜோக், மணி. ‘டெல் தி ட்ரூத்’, ‘டெல் எ லை’, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ ஜோக்’, ‘டெல் தி டைம்’. இவற்றுக்கு ஆள் வராவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு குறுக்குவழி தமிழிலேயே இருக்கிறது. ‘வரச் சொன்னார்’, ‘காத்திருக்கச் சொன்னார்’ என்று செயவென் எச்சத்தோடு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு டெல் போடலாம். ‘அவர் என்னை நாளைக்கு வரச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை.’ இந்த ஒரு வாக்கியத்தில் ‘சொல்’ இரண்டு முறை வருகிறது, ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு: ‘ஹி டோல்ட் மீ டு கம் டுமாரோ, பட் ஹி டிட்ன்ட் சே வொய்.’ முதலில் கட்டளை, ஆள் உண்டு. பிறகு வெறும் சேதி. கடைசியில் ‘டிட்ன்ட் டெல் மீ வொய்’ என்று எழுதினாலும் சரிதான், ஏனென்றால் ‘மீ’ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ‘டிட்ன்ட் சே மீ வொய்’ மட்டும் ஆகாது.

ஸ்பீக், டாக் இரண்டும் பேசும் செயலைக் காட்டுபவை. சொன்ன சேதி வாக்கியமாக அவற்றின் பின்னால் வராது. மொழிக்கு ஸ்பீக், மேடைக்கு ஸ்பீக், இருவர் உட்கார்ந்து பேசுவதற்கு டாக். மற்ற இடங்களில் ஒன்றை மாற்றி ஒன்று போட்டாலும் பெரிய குற்றமில்லை.

இதே நாற்காலிக் கணக்கில் விழுகிற மூன்று வினைகள்: எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், டிஸ்கஸ். ‘டெல் மீ’, ‘கிவ் மீ’ பழகிய வாய் ‘எக்ஸ்பிளெய்ன் மீ’, ‘சஜெஸ்ட் மீ எ புக்’ என்று போய்விடுகிறது. சரியானது ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’, ‘சஜெஸ்ட் எ புக்’. டிஸ்கஸில் கோளாறு தலைகீழ்: தேவையில்லாத ‘அபவுட்’ ஒட்டிக்கொள்கிறது. ‘டாக் அபவுட்’ சரி, ‘டிஸ்கஷன் அபவுட்’டும் சரி, நம் ‘பற்றி’ வேறு பின்னால் நின்று தள்ளுகிறது. ஆனால் டிஸ்கஸ் என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ அடக்கம்: ‘வி டிஸ்கஸ்ட் தி பிளான்’, அவ்வளவுதான்.

இனி ‘பார்’. இங்கே அர்த்தமே பிரிகிறது. கண்ணில் பட்டால் சீ. கண்ணைத் திருப்பினால் லுக் அட். அசைவதையோ மாறுவதையோ தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். ‘ஐ லுக்ட் அட் தி ஸ்கை, பட் ஐ டிட்ன்ட் சீ தி பிளேன்’: வானத்தைப் பார்த்தேன், விமானம் தெரியவில்லை. தமிழே இங்கு ‘தெரி’க்கு மாறிவிடுவதைக் கவனியுங்கள். ஒரு வாக்கியத்தில் ‘பார்’க்குப் பதில் ‘தெரி’ அல்லது ‘கண்ணில் பட்டது’ பொருந்தினால் அது சீ. போட்டோ அசையாது, ஆகவே ‘வாட்ச் யுவர் போட்டோ’ என்பது விநோதமாக ஒலிக்கும். லுக் அட் போடுங்கள். டிவிக்கு வாட்ச். சினிமாவுக்கு சீ, வாட்ச் இரண்டும் புழக்கத்தில் உண்டு. டாக்டரைப் பார்ப்பது சீ. ‘வாட்ச் தி டாக்டர்’ என்றால் அவரைக் கண்காணிக்கிறீர்கள் என்றாகிவிடும்.

‘கேள்’ இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் அதற்குள் மூன்று வினைகள் இருக்கின்றன. காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்தால் லிசன் டு, வினவினாலும் வேண்டினாலும் ஆஸ்க். ‘பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஆம் ஹியரிங் மியூசிக்’ என்று எழுதினால், எங்கிருந்தோ இசை வந்து காதில் விழுகிறது, உண்மையா பிரமையா என்ற சந்தேகம் வரும். ‘லிசனிங் டு மியூசிக்’ என்று எழுதுங்கள். லிசனுக்கு ‘டு’, லுக்குக்கு ‘அட்’: இவற்றைத் தனி வார்த்தையாக நினைக்காமல் வினையின் வாலாகவே மனப்பாடம் செய்வது நல்லது.

தமிழ் தெரிந்தவர்களுக்கு லாபமான இடமும் உண்டு. ரைஸ், ரெய்ஸ் குழப்பம் பலரை வாட்டுகிறது. நமக்கு அது வெறும் தன்வினை, பிறவினைதான்: உயர், உயர்த்து. விலை தானே உயர்ந்தால் ரைஸ், யாராவது உயர்த்தினால் ரெய்ஸ். ‘லை’ என்றால் படு, ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. ‘ரிமெம்பர்’ நினைவில் வைத்திரு, ‘ரிமைண்ட்’ நினைவூட்டு. அதனால்தான் ‘ரிமெம்பர் மீ டு கால்’ தவறு, ‘ரிமைண்ட் மீ டு கால்’ சரி. ரைஸ், லை, ஃபால் ஜோடிகளில் ‘யாரை? எதை?’ என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் பிறவினை. சிக்கல் இறந்தகாலத்தில் மட்டும்: ‘லை’யின் இறந்தகாலம் ‘லே’, ‘லே’யின் இறந்தகாலம் ‘லெய்ட்’. ‘நேற்று சோபாவில் படுத்தேன்’ என்பது ‘ஐ லே ஆன் தி சோபா எஸ்டர்டே’. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் தடுமாறுவார்கள்.

டூ, மேக் இரண்டுக்கும் ‘பண்ணு’ என்று ஒரே விடை வைத்திருப்பதால் ‘டிட் எ மிஸ்டேக்’ பிறக்கிறது. செய்து முடித்த பின் புதிதாக ஒன்று உருவாகியிருந்தால் மேக், வேலை நடந்தது மட்டும்தான் என்றால் டூ என்பது வழக்கமான விதி. கேக், பட்டியல், சத்தம் என்று பாதி தூரம் அந்த விதி வரும். அப்புறம் ‘மேக் தி பெட்’, ‘டூ டேமேஜ்’ போன்றவை வந்து விதியைக் கேலி செய்யும். வினையை விட்டுவிட்டு பெயர்ச்சொல்லோடு சேர்த்தே படித்துக்கொள்வதுதான் வழி: ‘மேக் எ மிஸ்டேக்’, ‘மேக் எ கால்’, ‘டூ எ ஃபேவர்’, ‘டூ பிசினஸ்’. ‘முடிவு எடு’ என்பதற்கு மேக், டேக் இரண்டும் வரும். டேக் பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்கர்கள் பெரும்பாலும் மேக் என்பார்கள்.

‘ஜெயி’க்கு ஒரு வரி போதும்: போட்டியை, பரிசை வின்; எதிராளியை பீட். ‘ஐ வன் ஹிம்’ என்றால் அவரையே பரிசாகப் பெற்றதாக அர்த்தமாகும். கடன் வாங்கினால் பாரோ, பின்னால் ‘ஃப்ரம்’. கொடுத்தால் லெண்ட், பின்னால் ‘டு’ அல்லது நேராக ஆள்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது? மொழி கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியில். வினைக்குப் பின் எது வரும் என்ற அமைப்பை அகராதிக்குள் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் தலைமையில் தொகுக்கப்பட்ட அகராதி 1942-இல் முதலில் வெளிவந்ததும் டோக்கியோவில்தான். இன்றும் இவ்வகை அகராதிகளில் டெல் என்று தேடினால் ஆள் வரும் இடத்தை அமைப்பாகவே காட்டியிருப்பார்கள். அர்த்தத்தைத் தாண்டி அந்த வரியையும் அதன் கீழே உள்ள மூன்று நான்கு உதாரணங்களையும் படியுங்கள்.

இரண்டு சொற்றொடர்களில் எது புழக்கத்தில் உள்ளது என்று பார்க்க கூகுள் என்கிராம் வியூவர் உதவும். ‘மேட் எ மிஸ்டேக்’, ‘டிட் எ மிஸ்டேக்’ இரண்டையும் நடுவில் காற்புள்ளி வைத்துக் கொடுத்தால், அச்சான புத்தகங்களில் எது எவ்வளவு வருகிறது என்று கோடு போட்டுக் காட்டும். முதல் கோடு மேலே போகும், இரண்டாவது தரையோடு தரையாகக் கிடக்கும். ஆனால் இது ஆதாரம் மட்டுமே, காரணம் சொல்லாது. இரண்டு கோடும் உயரத்தில் இருந்தால் இரண்டும் சரி என்றோ, அர்த்தம் வேறு என்றோ இருக்கலாம். அப்போது மீண்டும் அகராதிக்குத்தான் போக வேண்டும்.

நோட்டில் குறிக்கும்போது ‘டெல் – சொல்’ என்று எழுதாதீர்கள். ‘டெல் + ஆள் + சேதி’, ‘சே + சேதி (+ டு + ஆள்)’, ‘எக்ஸ்பிளெய்ன் + பொருள் + டு + ஆள்’ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் அன்றாடப் பேச்சிலிருந்து ஒரு வாக்கியம் போடுங்கள். பிறகு ஏற்கனவே அனுப்பிய மின்னஞ்சல்களில் ‘டோல்ட் தட்’, ‘எக்ஸ்பிளெய்ன் மீ’, ‘டிஸ்கஸ் அபவுட்’ இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். கிடைப்பதிலிருந்து திருத்த ஆரம்பிக்கலாம்.