விருந்துக்குக் கட்டுப்படியாகும் ஒயின்

கேள்வி: பண்டிகை விருந்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். எத்தனை பாட்டில் வாங்கலாம்?

பதில்: 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ் வரும். ஸ்பார்க்ளிங் ஒயினை, அதாவது நுரைக்கும் ஒயினை, 125 மி.லி. ஊற்றினால் போதும், ஆறு கிளாஸ் தேறும். வந்தவுடன் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஸ்பார்க்ளிங், சாப்பாட்டோடு இரண்டு கிளாஸ் என்றால் ஸ்பார்க்ளிங் இரண்டு, மற்றவை நான்கு. வண்டி ஓட்டப் போகிறவர்களையும் குடிக்காதவர்களையும் முதலிலேயே கழித்துவிடுங்கள்.

கேள்வி: ஷாம்பெயின் கட்டுப்படியாகாது. அதே மாதிரி வேறு என்ன இருக்கிறது?

பதில்: ஸ்பெயினின் காவா, பிரான்ஸின் கிரெமான். ஷாம்பெயினைப் போலவே இவற்றிலும் நுரை தரும் இரண்டாவது நொதித்தல் பாட்டிலுக்குள்ளேயே நடக்கிறது. ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது ஒன்பது மாதம் கிடப்பதால்தான் அந்த ரொட்டி மணமும் நுண்ணிய நுரையும் வருகின்றன. இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் தொட்டியில் நுரையேற்றப்படுவது. பழவாசனை தூக்கலாக இருக்கும். நல்ல ஒயின்தான், ஆனால் ஷாம்பெயின் சுவையை அதில் தேடாதீர்கள்.

லேபிளில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் இனிப்பே இருக்காது என்று நினைப்போம். உண்மையில் அது ‘புரூட்’ என்று போட்டிருப்பதைவிட இனிப்பு: லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. புரூட்டில் 12 கிராமுக்கு மேல் கிடையாது. சாப்பாட்டுக்கு முன் பரிமாற புரூட்டே சரி.

கேள்வி: மேசையில் காரமும் இருக்கும், வறுத்த இறைச்சியும் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஒயின் ஒத்துவருமா?

பதில்: ஒன்று போதாது, இரண்டு வகை வாங்குங்கள். ஆல்கஹால் கூடினால் காரம் இன்னும் எரியும். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் காரத்தோடு சேர்ந்தால் நாக்கில் கடுமையாகப் பிடிக்கும். அதனால் 14 சதவீதத்துக்கு மேல் போகும் கேபர்னே, ஷிராஸ் போன்ற சிவப்பு ஒயின்கள் எல்லாம் காரத்துக்கு ஆகாது. லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை, ஆல்கஹால் 12 சதவீதத்துக்குக் கீழே இருப்பதாகப் பார்த்து எடுங்கள். இறைச்சிக்கு கமே திராட்சையில் செய்த போஜொலே என்ற லேசான பிரெஞ்சுச் சிவப்பு ஒயின். கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் பிரான்ஸின் கோத் து ரோன் அல்லது ஸ்பெயினின் கர்னாச்சா, இரண்டும் சிவப்புதான். மலிவு விலையில் பினோ நுவார் தேடாதீர்கள். வளர்க்கச் சிரமமான திராட்சை அது. விலை குறைந்தால் பெரும்பாலும் தண்ணீராகத்தான் இருக்கும்.

கேள்வி: ‘ரிசர்வ்’ என்று போட்டிருந்தால் தரமானதா? திருகு மூடி என்றால் மட்டமா?

பதில்: இரண்டுமே இல்லை. பல நாடுகளில் ‘ரிசர்வ்’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஸ்பெயினில் அதை நம்பலாம்: அங்கே சிவப்பு ‘ரெசெர்வா’ மூன்று ஆண்டு முதிர்ந்திருக்க வேண்டும், அதில் ஓர் ஆண்டாவது மரப்பீப்பாயில். திருகு மூடியில் ஒரு லாபமும் உண்டு: கார்க்கிலிருந்து வரும் ஈர அட்டை நாற்றத்துக்கு அங்கே இடமில்லை. கனமான பாட்டிலுக்குக் கொடுப்பது கண்ணாடிக்கான காசு.

கேள்வி: பரிமாறும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: குளிர்ச்சியை. நல்ல ஒயினும் கெடுவது இங்கேதான். ஸ்பார்க்ளிங் 6–8 டிகிரி, வெள்ளை 8–12, போஜொலே 13 வாக்கில், கனமான சிவப்பு 16–18. வெதுவெதுப்பான சிவப்பில் ஆல்கஹால் நெடிதான் முன்னே வரும்; பரிமாறுவதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஸ்பார்க்ளிங்குக்கு மூன்று மணி நேரம் வேண்டும். மறந்துவிட்டால் பனிக்கட்டி, தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு போட்ட வாளியில் அரை மணி நேரம் போதும். ஃப்ரீசரில் மட்டும் வைத்து மறந்துவிடாதீர்கள், பாட்டில் வெடிக்கும்.