தோழியர் சிரித்த காட்சியில் எனக்கு மட்டும் ஏன் இந்த நடுக்கம்?

கேள்வி: நான் புதுச்சேரியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறேன். சொந்த ஊர் கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சென்ற மாதம் அறைத் தோழியருடன் சேர்ந்து ‘கான்ஜுரிங்’ இரண்டாம் பாகம் பார்த்தேன். முதல் பாகத்தைப் பெரிய பயமில்லாமல் பார்த்தவள்தான். இதிலோ, அந்தச் சிறுமியின் வாயிலிருந்து கிழவனின் குரல் வந்ததும் எனக்குக் கைகால் நடுங்கி, வியர்த்து, எழுந்து வெளியே வந்துவிட்டேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் சிறு வயதில், கல்யாணமான புதிதில் அத்தைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பம்பைக்காரர்களை அழைத்து ஓட்டினார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, “யார் நீ, எந்த ஊர், எப்போது பிடித்தாய்?” என்று கேட்டதும், ஒரு பிடி முடியை வெட்டிப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்ததும் நினைவில் இருக்கின்றன. இப்போது விளக்கை அணைத்துத் தூங்க முடியவில்லை. ஒருநாள் விடியற்காலையில் விழிப்பு வந்தும் அசைய முடியாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போல இருந்தது. ஆயா ஊருக்கு வரச் சொல்கிறார். மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டுமாம். பம்பைக்காரரையும் கேட்டு வைத்திருக்கிறாராம். என் மனம் பலவீனமானதா? தோழியர் மூன்றாம் பாகம் பார்க்கப் போகிறார்கள். நானும் உட்கார்ந்து பயத்தைப் போக்கிக்கொள்ள வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புதுச்சேரி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மனம் பலவீனமானது என்று நான் நினைக்கவில்லை. அந்த அறையில் இருந்தவர்களில், பேயோட்டுவதை நேரில், அதுவும் தன் வீட்டுப் பெண் ஒருவருக்கு நடந்ததைக் குழந்தைக் கண்ணால் பார்த்தவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது திரையில் ஓடிய ஒரு காட்சி. உங்களுக்கு அது முன்பே ஒருமுறை வீட்டு வாசலில் நடந்து முடிந்த ஒன்று.

முதல் பாகம் உங்களை இவ்வளவு பாதிக்காததற்கும் காரணம் இருக்கிறது. அதில் ஆட்கொள்ளப்படுபவர் குடும்பத்தின் தாய். அதுவும் படம் முடியும் தறுவாயில்தான். இரண்டாம் பாகத்தில் அது பதினொரு வயதுச் சிறுமியின் மேல் இறங்குகிறது. பெரியவர்கள் அவளை உட்கார வைத்து, அவள் வாயில் தண்ணீரை நிரப்பச் சொல்லிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு, அவளுக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் கிழவனைக் கேள்வி கேட்கிறார்கள். நீ யார், ஏன் இங்கே இருக்கிறாய், இந்தப் பிள்ளையை ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்பவைதாம் கேள்விகள். பம்பைக்காரர் உங்கள் அத்தையிடம் கேட்டவையும் ஏறத்தாழ இவைதாம். ஊர் வேறு, மொழி வேறு, சமயம் வேறு; ஆனால் பெரியவர்கள் சுற்றி நிற்க, நடுவில் ஒரு பெண் தன் பெயரில் பேச இடமின்றி உட்கார்ந்திருக்கும் அந்த நிலை ஒன்றுதான். அதைக் கண்டு உங்கள் உடல் நடுங்கியது என்றால், அது எதையோ சரியாக அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது என்றே நான் சொல்வேன்.

தோழியரின் சிரிப்பையும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011இல் வந்த ‘காஞ்சனா’வும் அதன் அடுத்தடுத்த பாகங்களும் பேய் பிடித்தவர் குரல் மாறிப் பேசுவதைக் கண்டதும் சிரிக்க நம் ரசிகர்களை நன்றாகப் பழக்கியிருக்கின்றன. கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும்போது பயத்தை மறைக்கவும் சிரிப்புதான் முதலில் கைகொடுக்கும். இது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. 1973இல் அமெரிக்காவில் பேயோட்டுவதைப் பற்றிய ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படம் வெளியானபோது திரையரங்குகளில் சிலர் மயங்கி விழுந்ததும் வாந்தி எடுத்ததும் செய்தியாயின. 1977இல் அதன் இரண்டாம் பாகம் வந்தபோது அதே நாட்டு ரசிகர்கள் திரையைப் பார்த்துச் சிரித்தார்கள், அதன் இயக்குநர் ஜான் பூர்மன் வெளியான பிறகு படத்தை மறுபடியும் வெட்டித் தொகுக்க வேண்டியதாயிற்று. பார்ப்பவர் எதை மனத்தில் வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் நடுக்கமும் சிரிப்பும் அமைகின்றன.

‘தி எக்ஸார்சிஸ்ட்’ முதல் படத்தைப் பார்த்த பின் தூக்கமும் நிம்மதியும் கெட்டு வந்த நான்கு பேரைப் பற்றி 1975இல் ஒரு மனநல மருத்துவர் ஆய்விதழில் எழுதினார். அதற்கு முன் மனநோய் எதுவும் இருந்ததாகத் தெரியாதவர்கள் அவர்கள். குறுகிய கால உளச்சிகிச்சையிலேயே பழைய நிலைக்குத் திரும்பினார்கள். உங்களுக்கும் அவ்வாறே நடக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் பார்த்த ‘கான்ஜுரிங்’ இரண்டாம் பாகத்தின் இறுதியில் அசல் ஒலிப்பதிவை ஓடவிட்டு, எல்லாம் உண்மையில் நடந்தது என்ற எண்ணத்தோடு நம்மை அனுப்பிவைக்கிறார்கள். உண்மையில் நடந்ததன் அளவு இவ்வளவுதான்: 1977இல் வட லண்டனின் என்ஃபீல்டு பகுதியில், தாய் தனியாகப் பிள்ளைகளை வளர்த்த ஒரு வாடகை வீட்டில் மரச்சாமான்கள் நகர்ந்ததாகவும் தட்டும் ஒலி கேட்டதாகவும் சொல்லப்பட்டது, ஒரு சிறுமி கரகரத்த குரலில் பேசினாள். அங்கே மாதக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் மாரிஸ் குரோஸ், கை லயன் பிளேஃபேர் என்ற இருவர். படத்தில் நாயகர்களாக வரும் தம்பதிக்கு அதில் இருந்த பங்கு மிகச் சிறியது. நடந்தவற்றுள் சிலவற்றைத் தாங்களே செய்ததாக அந்தச் சிறுமியும் அவள் அக்காவும் பின்னர் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் குரலும் தொண்டையின் போலிக் குரல்நாண்களைக் (வழக்கமான குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளை) கொண்டு எழுப்பக்கூடியதே என்று விளக்கம் தரப்பட்டது. ஆனாலும் அந்த வீட்டில் துயரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விடியற்காலையில் உங்களுக்கு நேர்ந்ததை நம் பக்கத்தில் அமுக்கான் பேய் என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். சில வேளைகளில் அந்தத் தளர்ச்சி நீங்குமுன் மனம் விழித்துக்கொள்கிறது. சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடித்துவிட்டுத் தானாக விலகிவிடும். தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் இது அதிகமாக வரும். ஆகவே ஒருக்களித்துப் படுங்கள். ஒரே நேரத்தில் படுக்கச் செல்லுங்கள். சிறிய விளக்கு எரியட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவில் அந்தப் படத்தைப் பற்றிய காணொளிகளைத் தேடிப் பார்ப்பதை மட்டும் உறுதியாக நிறுத்திவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது அத்தையைப் பற்றிய வரிகள்தாம். பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் பேயோட்டும் சடங்குகளை நேரில் ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பேய் பிடித்ததாகக் கூறப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமான பெண்கள் என்பதையும், பிடித்த பேய்கள் ஆசை நிறைவேறாமல் அகாலமாக இறந்த ஆண்களுடையவை என்று சொல்லப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். கல்யாணமான புதிதில் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. புகுந்த வீட்டில் அத்தைக்கு அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று குடும்பத்தில் யாராவது அவரிடம் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை. பேயிடம் ஊரே கேள்வி கேட்டது. அத்தையிடம் எவரும் கேட்காமல் போயிருக்கலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவருடன் தனியாக உட்காருங்கள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும் வேளையாக இருந்தால் நல்லது. கை வேலையில் இருக்கும்போது நம் வீட்டுப் பெண்களுக்குப் பேச்சு எளிதாக வரும். பேயைப் பற்றிக் கேட்காதீர்கள். “கல்யாணம் ஆன புதுசுல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா அத்தை?” என்று கேட்டால் போதும். அவர் பேச விரும்பாவிட்டால் அத்துடன் விட்டுவிடுங்கள். சடங்கால்தான் குணமானேன் என்று அவர் சொன்னால் அதை மறுத்து வாதிட வேண்டாம். அது அவருடைய அனுபவம், அவருக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கலாம்.

ஆயா கட்டும் கயிற்றை மனமாரக் கட்டிக்கொள்ளுங்கள். அது அவருடைய அன்பு. பம்பைக்காரரை அழைக்கும் பேச்சை மட்டும் அம்மாவையோ அப்பாவையோ கொண்டு இப்போதே நிறுத்திவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது உறக்கம். கூட்டத்தின் நடுவே தலைவிரி கோலமாக உட்கார வைக்கப்படுவது அந்தப் பழைய காட்சியை உங்கள் மேலேயே மறுபடி நடத்துவதாகிவிடும். இதில் நான் கண்டிப்பாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மனநலம் குன்றியவர்களை நேர்த்திக்காகக் கொண்டுவிட்டு, சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் ஊரில் யாருக்காவது அப்படி நடப்பதாக இனி கேள்விப்பட்டாலும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் சீராகாவிட்டாலோ, பகலிலும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்து படிப்பைக் கெடுத்தாலோ, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவின் வெளிநோயாளர் பகுதிக்கு ஒரு தோழியை அழைத்துக்கொண்டு காலையிலேயே சென்றுவிடுங்கள். கேலி செய்தவர்களில் ஒருவராவது துணைக்கு வருவார், கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

மூன்றாம் பாகத்துக்கு இப்போது உட்கார வேண்டாம். பயத்தைப் பயத்தால் போக்கலாம் என்பது மருத்துவரின் துணையோடு படிப்படியாகச் செய்ய வேண்டியது. விடுதி அறையில் கேலிக்கு நடுவே செய்யக்கூடியதன்று. மேலும், அந்தப் படம் ஒரு சிறுவனுக்குப் பேயோட்டும் காட்சியோடுதான் தொடங்குகிறது. உங்களை நிலைப்படுத்திக்கொள்ள அவகாசமே தராது. “எனக்கு இந்த மாதிரிப் படம் இப்போது ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு அன்று மாலை வேறொரு தோழியுடன் கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். அத்தையைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை.