மேடையில் தடுமாறாமல் பேச: சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபத்தில் நவம்பர் 16 விழாவுக்குப் பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறேன். 1860-ல் அன்றுதான் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனைத் தொட்டது. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் ஆன பதில்கள்.

அக்கா, மேடை ஏறினாலே கை நடுங்குது. பேப்பரும் சேர்ந்து ஆடுது.

எனக்கு இன்னும் நடுங்கும், தம்பி. மெல்லிய தாள்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். உள்ளங்கை அளவு கெட்டி அட்டையில் குறிப்பு மட்டும் எழுதிக்கொள். ஏறியதும் மூச்சை நிதானமாக வெளியே விடு. அப்புறம் வணக்கம் சொல்.

தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி என் மகள் பேசுகிறாள். ரயில் மாதிரி ஓடுகிறாள். என்ன செய்வது?

தப்பு அவள் மேல் இல்லை, எழுதிக்கொடுத்தவர் மேல். நீங்கள் அனுப்பிய முதல் வரி இது: "ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் கலந்து, சிறை சென்று, காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22-ல் மறைந்த தில்லையாடி வள்ளியம்மை..." யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிவதற்குள் குழந்தைக்கு மூச்சு முட்டிவிடும். வாய்க்கு ஏற்ற மாதிரி உடையுங்கள்:

"வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். போராட்டத்தில் இறங்கினாள். சிறைக்குப் போனாள். காய்ச்சலோடு வெளியே வந்தாள். சில நாளில் போய்விட்டாள். வயது பதினாறு."

பதினாறு என்றதும் வாயை மூடி, மனசுக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள். அந்த இடைவெளியில்தான் சபை அவள் பக்கம் திரும்பும். வருஷங்களையும் எழுத்தால் எழுதிக்கொடுங்கள். எண்ணாக இருந்தால் நம் பிள்ளைகள் பாதி வாக்கியத்தில் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்கள்.

மைக்கில் 'ப' வரும்போதெல்லாம் டப் டப் என்கிறது.

ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் நின்று பேசுங்கள்.

பாதிப் பேருக்குத் தமிழ் புரியாதே, அக்கா?

வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், இரண்டு தரப்பும் கொட்டாவி விடும். கதையின் சுருக்கத்தை முதலிலேயே நாலு வரி இங்கிலீஷில் சொல்லிவிட்டுத் தமிழில் முழுசாகச் சொல்லுங்கள். குரலும் முகமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் தனித்தனி வணக்கம் சொல்ல வேண்டுமா?

ஐந்து நிமிஷப் பேச்சில் இரண்டு நிமிஷம் வணக்கமா? "அவைக்கு வணக்கம்" போதும். கோபித்துக்கொள்கிறவரை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

நடுவில் கரன்ட் போனால்?

எனக்குப் போயிருக்கிறது. முதலில் கத்தினேன், பின்வரிசையில் சலசலப்புதான் கூடியது. பிறகு படி இறங்கி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று, மெதுவாக, கடைசி வரிசைப் பாட்டி ஒருவரின் முகத்தைப் பார்த்தே பேசினேன். அடங்கிவிட்டார்கள். முதலில் கத்தியதற்கு மட்டும் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.