அம்மாவுக்கு ஏன் உறைப்பு ஆகவில்லை?

கேள்வி: நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறோம். அம்மாவின் அக்கா, 70 வயது கடந்தவர், போன வருஷம் மார்புப் புற்றுநோயால் காலமானார். இது எங்கள் இரத்தத்திலேயே இருக்கிறதா, அம்மாவுக்கும் எனக்கும் என் மகளுக்கும் வருமா என்று பயமாக இருக்கிறது. மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். இந்தக் கதை வெளியே போனால் என்ன ஆகும்? எந்தச் சாப்பாடு இதைத் தடுக்கும்? அம்மாவுக்கு 63 வயது. வெற்றிலை போடுவதைத் தவிர வேறு பழக்கம் இல்லை. ஏழெட்டு மாதமாக உறைப்பு ஆகாததால் அவவுக்கு வேறாகக் கறி காய்ச்சுகிறேன். மற்றப்படி சுகமாக இருக்கிறா. அண்ணன் சித்திரைக்குக் கத்தாரிலிருந்து வந்ததும் கொழும்புக்குக் கூட்டிப் போய் முழுச் சோதனை செய்ய இருக்கிறோம்.

பதில்: சகோதரி, இரத்தத்தைப் பற்றியும் சம்பந்தத்தைப் பற்றியும் நிறைய எழுதிய நீங்கள், அம்மாவின் வாயைப் பற்றி ஒரேயொரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரிக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

பழஞ்சோற்றுக்குப் பச்சை மிளகாய் கடித்து வளர்ந்த வாய் இப்போது சாதாரண மீன்குழம்பைத் தாங்கவில்லை என்றால், வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நாள்தோறும் வெற்றிலை போடுகிறவருக்கு உறைப்புப் பட்டதும் வாய் எரிவது, பாக்கினால் வாயின் உட்தோல் கெடத் தொடங்கியதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. நாட்செல்ல அந்தத் தோல் வெளிறி, மிருதுத்தன்மை இழந்து, கன்னத்துக்குள் நார் ஓடியதுபோல இறுகும். வாய் திறக்கும் அளவு குறையும். சோற்றுக் கவளம் சிறிதாகும். இது புற்றுநோய் அல்ல, ஆனால் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. உங்கள் அம்மாவுக்கு இருப்பது இதுதான் என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. ஒரு வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்காமல் எவராலும் சொல்ல முடியாது. இந்த ஏழெட்டு மாதமும் அம்மாவுக்கு இரண்டாவது சட்டி வைத்தீர்களே தவிர, அவவின் வாய்க்குள் ஒரு தடவையாவது பார்க்கவில்லை.

"வெற்றிலை போடுவதைத் தவிர" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் 'தவிர' என்ற சொல்லிலேதான் முழு விஷயமும் இருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடுகிற பெண்களையும் அது விடுவதில்லை. புகையிலை வைக்காமல் போட்டால் ஒன்றும் செய்யாது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் அமைப்பு, பாக்கு தனித்தே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனோடு சிகரெட்டும் சாராயமும் சேர்ந்தால் பல மடங்காகும். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியபடியே உறங்குகிற பழக்கம் அம்மாவுக்கு உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் அந்தப் பக்கத்துக் கன்னத்தை வைத்தியரிடம் குறிப்பாகக் காட்டுங்கள்.

இன்றைக்கே அம்மாவை வாசல் வெளிச்சத்தில் இருத்தி, வாயைக் கொப்பளிக்கச் செய்து, இரண்டு கன்னங்களின் உட்புறத்தையும், நாக்கின் ஓரங்களையும் அடியையும், முரசையும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், தடிப்பு, காரணமில்லாமல் ஆடுகிற பல், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. அவவுடைய மூன்று விரல்களை நிமிர்த்தி அடுக்கி முன்பற்களுக்கிடையே வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுகுகிறது என்று கொள்ளலாம். நோவில்லை என்று அவ சொல்லுவா. தொடக்கத்தில் பெரும்பாலும் நோவு இருப்பதில்லை. நோவு வரும்போது காலம் கடந்திருக்கலாம். உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் எரிவு ஒன்றே வைத்தியரிடம் போகப் போதும்.

சித்திரைவரை அண்ணனுக்காகக் காத்திருப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். நம் பகுதியில் தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்து, அந்த மகளோடுதான் முதுமையைக் கழிக்கிறாள். அந்த வீட்டில் இருந்துகொண்டு தாயின் உடம்பைப் பார்க்கும் பொறுப்பை கத்தாரில் உழைக்கிறவன் தலையில் போடுவது முறையல்ல. கொழும்புக்கும் போகத் தேவையில்லை. முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் அவரே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார். அங்கே புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது, பணம் கேட்கமாட்டார்கள். வாவியைக் கடக்க மண்முனையில் ஓடத்துக்குக் காத்துநின்ற காலமும் 2014 இல் பாலம் திறந்ததோடு முடிந்துவிட்டது. சதைத்துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் மறிக்காதீர்கள். கத்தி பட்டால் நோய் பரவும் என்பது ஆட்களைக் கொன்ற கதை. விறைக்க ஊசி போட்டுச் சிறு துண்டுதான் எடுப்பார்கள்.

நீங்கள் கேட்டதற்கும் வருகிறேன். எல்லாப் புற்றுநோய்களிலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரையானவையே பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் குறையால் ஏற்படுபவை. 70 வயதுக்குப் பின் ஒருவருக்கு வந்ததை வைத்துக் குடும்பம் முழுவதன் இரத்தத்தையும் பழிக்க முடியாது. ஆனாலும் 35 வயது கடந்திருந்தால் உங்கள் பகுதிச் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் மார்பையும் கருப்பைக் கழுத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். பழமும் மரக்கறியும் நல்லவைதான், ஆனால் வாயில் பாக்கு இருக்கும்வரை எந்தக் கீரையும் அதற்கு மாற்று ஆகாது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அதற்காக விலகுகிற குடும்பத்தில் உங்கள் மகள் வாழப் போகாமல் இருப்பதே நல்லது.

வெற்றிலைத் தட்டத்தை அம்மாவிடமிருந்து பறித்தெடுத்து அவவை அவமானப்படுத்த வேண்டாம். பாக்கையும் புகையிலையையும் வாங்கி வருகிறவர் உங்கள் வீட்டில் யார் என்று நீங்கள் எழுதவில்லை; அது யாராக இருந்தாலும் இந்தக் கிழமையிலிருந்து வாங்குவதை நிறுத்தட்டும். மருந்து எடுக்கப் போகும் நாளில் நீங்களும் கூடப் போய், எரிவு தொடங்கிய மாதத்தையும், எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை வாய் போடுகிறா என்பதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.