மகனுக்கு 18 ஆகிறது: கார்டியன் சான்றுக்கு 8,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. ஆனியில் 18 முடிகிறது. அதற்குப் பிறகு அவன் கணக்கில் நான் கையெழுத்துப் போட முடியாதாம், கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கி வரச் சொல்கிறார்கள் பேங்கில். 8,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கோர்ட்டுக்கும் அலைய வேண்டாம்.

18 முடிந்தால் சட்டப்படி அவன் பெரியவன். பெற்ற தாய் என்றாலும் அவனுக்காகக் கையெழுத்துப் போட உங்களுக்குத் தனியாக ஒரு கார்டியன் சான்று வேண்டும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழு அதைத் தருகிறது. அந்தச் சான்றை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே எல்லா வங்கிகளுக்கும் எழுதிவிட்டது. கவுண்டரில் மறுத்தால் நேரே மேனேஜரிடம் போய் இதைச் சொல்லுங்கள்.

குறைபாட்டுக்கான மருத்துவச் சான்றையும் 18 வயதில் புதுப்பிக்க வேண்டும். அப்போது தருவதுதான் ஆயுளுக்கும் செல்லும்.

புரோக்கர்கள் முதலில் கேட்பது ஒரிஜினல் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத்தான். அது அவர்கள் கைக்குப் போனால், கேட்ட பணத்தைக் கொடுக்கும்வரை திரும்பாது. ஜெராக்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். சான்றில் குறைபாட்டின் சதவீதத்தை ஏற்றித் தருகிறேன் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ஏமாற்றிச் சலுகை பெற்றால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 2 வருடம் வரை சிறை. மாட்டுவது நீங்கள், அவர் அல்ல.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கும்தான் இந்தக் குழு. ஆனால் மூளை முடக்குவாதம் என்றாலே கார்டியன் போட்டுவிடுகிறார்கள், அது தவறு. கை நடுங்கும், பேச்சு குழறும், ஆனால் கணக்கு வழக்கெல்லாம் நன்றாகப் புரியும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் கைநாட்டு வைத்தே கணக்கை நடத்தலாம். கையெழுத்து வரவில்லை என்பதற்காக அந்தப் பிள்ளையின் உரிமையை எழுதி வாங்காதீர்கள். உங்கள் மகன் பணத்தைப் புரிந்துகொள்ள முடியாதவன் என்றால் மட்டும் விண்ணப்பியுங்கள்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. பிறந்த தேதி அடையாள அட்டையிலேயே இருக்கிறது. 17 முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கடிதம் போட அரசாங்கத்துக்கு என்ன கஷ்டம்? தகவல் வராத வீட்டு வாசலில்தான் புரோக்கர் வந்து நிற்கிறார்.

2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்த பிறகும் ஆற்காட்டுக்காரர்களும் ஆம்பூர்க்காரர்களும் வேலூருக்கே வந்து திரும்புகிறார்கள். அவர்கள் முறையே ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் போக வேண்டும். குடியாத்தம் வேலூரில்தான் இருக்கிறது, அதனால் நீங்கள் போக வேண்டியது வேலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். காகிதங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். குழு 3 மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பம் கொடுத்ததும் ரசீது வாங்குங்கள், அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று அங்கேயே கேட்டு ரசீதின் பின்னால் குறித்துக்கொள்ளுங்கள்.